பெரிய ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாடு

(கோடை விடுமுறைக்கு முன் சிறுவாச்சூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று ஞாயிற்றுக்கிழமை, மதுரகாளியம்மன் கோயில் நடை சாத்தியிருக்கும் நாள். அதனால்தான் ஊரில் இத்தனை பேருக்கு ஒரு மாலைப்பொழுது ஓய்வாகக் கிடைத்திருக்கிறது. விடிந்தால் திங்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வண்டிகள் வந்து நிற்கும். குலதெய்வத்தைக் கும்பிட வருகிறவர்கள் இங்கேயே அரிசியை இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து மாவிளக்கு போடுவார்கள். மறுபடி வெள்ளிக்கிழமை அதே கூட்டம். வெளியூர் விருந்தாளிகளைப் பார்த்துப் பழகிய ஊர் இது. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் வெளியூரில் விருந்தாளிகளாகப் போய் உட்காரும்போது என்ன நடக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

உங்களில் பலருடைய பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர், வளைகுடா என்று இருக்கிறார்கள். விடுமுறைக்கு அப்பா அம்மாவை ஊட்டிக்கோ மகாபலிபுரத்துக்கோ அழைத்துப் போகிறார்கள். அந்தப் பயணத்தில் ஒரு வேளையாவது நல்ல பெரிய ஓட்டலில் சாப்பிட வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. அந்த ஆசைக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முதல் பதில் எனக்கு மனப்பாடம்: "அங்கெல்லாம் நமக்கு எதுக்குப்பா?"

நான் பெரம்பலூர் பக்கத்துக்காரன். பெரிய ஓட்டல்களில் முதலில் சப்ளையராகவும் பிறகு கேப்டனாகவும் வேலை பார்த்தவன். அந்த "எதுக்குப்பா"வைச் சொல்லிவிட்டு, பிள்ளையின் வற்புறுத்தலுக்காக வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தவர்களுக்கு என் கையால் பரிமாறியிருக்கிறேன். அவர்களுக்கு அன்று சொல்ல வாய்ப்பில்லாமல் போனதை இன்று உங்களிடம் சொல்கிறேன். அந்த மாதிரி இடத்தில் அவர்கள் விற்பது கவனிப்பு. சாப்பாட்டின் பொருட்செலவு பில்லில் ஒரு பங்குதான். மீதி, உங்களைக் கவனிப்பதற்காக நிற்கும் ஆட்களுக்கும், அந்த இடத்துக்கும், அவசரப்படுத்தாமல் உங்களுக்குத் தரும் நேரத்துக்கும். அதற்குப் பணம் கொடுத்துவிட்டுக் கூச்சத்தோடு உட்கார்ந்தால், வாங்கிய பொருளில் பாதியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறீர்கள்.

கூச்சம் முதலில் வாசலிலேயே தொடங்குகிறது. "வேட்டியோட விடுவாங்களா?"

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் சட்டமே பதில் சொல்லியிருக்கிறது. 2014 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமன் ஒரு புத்தக வெளியீட்டு விழாவுக்காகச் சேப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்கு வேட்டி கட்டிக்கொண்டு போனார். உடை விதியைக் காட்டி அவரை உள்ளே விடவில்லை. பதவியில் இருக்கும் நீதிபதிக்கே அந்த நிலை. வெள்ளைக்காரர் காலத்து கிளப் விதியைச் சுதந்திரம் வந்து அறுபத்தேழு ஆண்டு கழித்தும் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். சட்டசபையில் எல்லாக் கட்சியும் அதைக் கண்டித்தது. அடுத்த மாதமே, வேட்டியோ வேறு இந்தியப் பாரம்பரிய உடையோ அணிந்திருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகப் பொது இடத்தில் யாரையும் தடுக்கக்கூடாது என்று சட்டம் நிறைவேறியது. மீறினால் சிறைத் தண்டனையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கரை வேட்டியைத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு தாராளமாகப் போங்கள். இடுப்பில் நிற்காத பேண்ட்டை யாரிடமோ வாங்கி மாட்டிக்கொண்டு போய் அவஸ்தைப்பட வேண்டாம்.

இதோடு சேர்த்து இன்னொரு வேட்டியையும் சொல்ல வேண்டும். 2025 ஜூனில் அமெரிக்காவில் சிகாகோ நகரத்தில் ஜேம்ஸ் பியர்ட் விருது விழா. அந்த நாட்டுச் சமையல் துறையின் மிகப் பெரிய கௌரவம் அது. நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல் கலைஞர் என்று அறிவிக்கப்பட்டவர் வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறினார். பெயர் விஜய் குமார். திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக்காரர். கேட்டரிங் படித்தது இதோ நம் பக்கத்தில், திருச்சியில். அவரைப் பற்றி மறுபடி வருகிறேன். அவர் கதையில் நமக்கு வேண்டியது நிறைய இருக்கிறது.

அடுத்த பயம் மேசைமேல் இருக்கிறது. இடது பக்கம் இரண்டு மூன்று முள்கரண்டி, வலது பக்கம் கத்திகள், ஸ்பூன்கள், எதிரே வேறு இரண்டு, கண்ணாடி டம்ளர்கள் நாலு அளவில். எதை எடுப்பது என்று கை தயங்குகிறது. இந்த வரிசை எப்படி வந்தது என்று தெரிந்தால் தயக்கம் போய்விடும். ஐரோப்பாவிலும் முற்காலத்தில் பணக்கார விருந்தில் எல்லாப் பண்டத்தையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். எட்டியதை எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் இருந்த ரஷ்யத் தூதர் குராக்கின் தம் வீட்டு விருந்தில் ஒவ்வொரு பதார்த்தமாகச் சூடாகக் கொண்டுவந்து பரிமாற வைத்தார் என்று சொல்வார்கள். மெல்ல அந்த வழக்கம் பிரான்சு, இங்கிலாந்து என்று பரவியது. பண்டம் ஒவ்வொன்றாக வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி வேண்டும். முதலில் வருவதற்கானது வெளி ஓரத்தில், கடைசியில் வருவதற்கானது தட்டை ஒட்டி. ஆகவே வெளியிலிருந்து உள்ளே என்று எடுத்துக்கொண்டே போனால் போதும். விஷயம் அவ்வளவுதான். தவறான கரண்டியை எடுத்துவிட்டாலும் குற்றமில்லை. நல்ல சப்ளையர் சத்தமில்லாமல் இன்னொன்றைக் கொண்டுவந்து வைப்பார். அது அவர் வேலை.

நாப்கின் துணியை மடியில் விரித்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்தால் முள்கரண்டியையும் கத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துத் தட்டில் வையுங்கள், தட்டை எடுக்கலாம் என்று பொருள். இன்னும் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் பிரித்து வையுங்கள். எலுமிச்சைத் துண்டு மிதக்கும் வெந்நீர்க் கிண்ணம் வந்தால் அது விரல் கழுவ. கையால் சாப்பிட வேண்டும் என்று தோன்றினால் கையால் சாப்பிடுங்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தோசையையும் சப்பாத்தியையும் கத்தி கொண்டு அறுத்துப் போராடுகிறவர்களைப் பார்த்து எனக்கு மனம் கஷ்டப்பட்டிருக்கிறது. அந்தக் கத்தி அந்தப் பண்டத்துக்காகச் செய்ததே இல்லை.

நம் இலைக்கும் இதைவிடக் கடுமையான ஒழுங்கு உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். உப்பும் ஊறுகாயும் மேல் பாதியில் இடது ஓரத்தில். கூட்டு, பொரியல், வறுவல் எல்லாம் மேல் பாதி. சோறு கீழ்ப் பாதி. பருப்பும் நெய்யும் விட்ட பிறகு சாம்பார், பிறகு குழம்பு, ரசம், மோர் என்று போகும். பாயசத்துக்கு ஊருக்கு ஊர் இடம் மாறும். பந்தியில் எல்லோருக்கும் பரிமாறி முடிப்பதற்குள் கை வைக்கக்கூடாது, பக்கத்து இலைக்காரர் முடிக்கும் முன் எழுந்திருக்கக்கூடாது. ஒரு வெள்ளைக்காரரைக் கல்யாணப் பந்தியில் உட்கார வைத்துப் பாருங்கள். அவரும் நம் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கையை இலைக்குக் கொண்டுபோவார். அதற்காக அவரை யாரும் குறைவாக நினைப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் அன்போடு சொல்லித் தருவார். அதே அன்பைப் பெரிய ஓட்டல் மேசையில் எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பந்தியைப் புகழ்ந்துவிட்டு அதன் இன்னொரு பக்கத்தைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. யாரை எந்தப் பந்தியில் உட்கார வைப்பது, யாருக்கு எங்கே இலை போடுவது, யாருக்கு இலையே போடாமல் விடுவது என்பதில் இந்த நாடு செய்த கொடுமைகள் கொஞ்சமில்லை. 1920களின் நடுவில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்பதற்காகப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பிய எதிர்ப்பு தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப் போட்டது. ஒரு வேளைச் சாப்பாட்டில் உட்காரும் இடம் அவ்வளவு பெரிய விஷயம். இன்றும் சுதந்திர தினத்தன்று கோயில்களில் பொது விருந்து நடத்துகிறோம் என்றால், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்பது தானாக வந்துவிடவில்லை, அதை நடத்திக் காட்ட வேண்டியிருந்தது என்பதனால்தான். "அங்கெல்லாம் நமக்கு எதுக்குப்பா" என்று ஒரு பெரியவர் சொல்லும்போது அதில் பணக் கணக்கு மட்டும் இல்லை. உள்ளே வராதே என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்ட குரலும் அதில் இருக்கிறது. பிள்ளைகளே, அந்தப் பதிலைக் கேட்டுக் கோபப்படாதீர்கள். அதன் கனம் தெரிந்து பேசுங்கள்.

பணக் கணக்கையும் பார்ப்போம். என் வேலைக் காலத்தில் பார்த்த ஒன்று. ஒரு குடும்பம் வந்தது. மகன், மருமகள், ஒரு குழந்தை, மகனின் தாயார். அந்த அம்மாவின் முன்னாலும் ஒரு மெனு கார்டு வைத்தேன். முழுக்க ஆங்கிலம். அந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எண்கள் எல்லோருக்கும் ஒன்றுதானே. வலது ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழாக எண்களை மட்டும் வாசித்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. கார்டை மூடி மேசை நடுவில் தள்ளி வைத்துவிட்டு, "தம்பி, எனக்குப் பசியில்ல, நீங்க சாப்பிடுங்க" என்றார். மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா இப்படிப் பண்றீங்க" என்று கடிந்துகொண்டார். நான் குனிந்து, "அம்மா, மிளகு ரசம் சூடா, கொஞ்சம் சாதம், ஒரு அப்பளம் கொண்டு வரட்டுங்களா?" என்று கேட்டேன். அது கார்டில் இல்லை. சமையலறையில் சொன்னால் செய்து தருவார்கள், தந்தார்கள். அந்த அம்மா நிதானமாகச் சாப்பிட்டார். ஆனால் அந்த மேசையில் அதற்குள் ஒரு காயம் பட்டுவிட்டது. மகன் கொடுக்க நினைத்த சந்தோஷம் அந்த அம்மாவின் விரல் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

அதைத் தவிர்க்க வழி இருக்கிறது. மேசைக்குப் பதிவு செய்ய எப்படியும் போன் செய்கிறீர்கள். அப்போதே கேளுங்கள். ஒரு ஆளுக்கு என்ன ஆகும், மதியம் செட் மெனுவோ பஃபேயோ உண்டா, குழந்தைக்குப் பாதி விலையா? அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, அப்பா வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டார், நாலு படி ஏறுவதே சிரமம் என்பதையும் அந்த போனிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல இடமாக இருந்தால் குறித்துக்கொள்வார்கள்; கீழ்த்தளத்தில், கழிப்பறைக்குப் பக்கமாக மேசை போடுவார்கள். கேட்டதற்குச் சலித்துக்கொண்டு பதில் சொன்னால் அந்த இடம் வேண்டாம். செலவு மொத்தம் இவ்வளவுதான், முன்பே முடிவாகிவிட்டது என்று அம்மாவிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு பண்டத்தின் விலையும் அவர் கண்ணில் படும்படி மேசையில் பேரம் பேசவேண்டாம். பெரும்பாலான பெரிய ஓட்டல்களில் மதியச் சாப்பாடு இரவைவிடக் குறைவாக முடியும். வயதானவர்களுக்கும் அதுதான் சௌகரியம்.

பில் வந்ததும் அதைப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகம் என்றால் சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். தனியாக இருக்கும் உணவகம் என்றால் பொதுவாக 5 சதவீதம். இது அரசுக்குப் போகும் வரி, தவிர்க்க முடியாது. ஆனால் சில பில்களில் சர்வீஸ் சார்ஜ் என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் பத்து சதவீதம் அளவில் போடுவார்கள். அது அரசு வரி கிடையாது. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது, வேறு பெயரிலும் வாங்கக்கூடாது, கொடுப்பதும் கொடுக்காததும் சாப்பிடுகிறவர் விருப்பம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 28 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதலை உறுதி செய்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டால் 18 சதவீத வரியோடு 11,800. நடுவில் பத்து சதவீத சர்வீஸ் சார்ஜ் நுழைந்தால், அதற்கும் சேர்த்து வரி விழும், 12,980 ஆகிவிடும். "இதை எடுத்துடுங்க" என்று அமைதியாகச் சொன்னால் போதும். எடுக்க மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. உங்களுக்குப் பரிமாறியவர் மனம் நிறையும்படி கவனித்திருந்தால் அவர் கையில் நேராகக் கொடுங்கள். அது அவருக்கே போய்ச் சேரும்.

தண்ணீரிலும் கவனம் வேண்டும். உட்கார்ந்ததும் "மினரல் வாட்டரா சார்?" என்பார்கள். தலையாட்டினால் பாட்டில் திறந்துவிடும். பாட்டிலில் அச்சடித்த விலையைவிடக் கூடுதலாக ஓட்டல்கள் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மேசை, நாற்காலி, பரிமாறுதல் எல்லாம் சேர்ந்த சேவை அது என்பது அங்கே சொல்லப்பட்ட வாதம். சாதாரணத் தண்ணீர் போதும் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுத்திகரித்த தண்ணீர் எல்லாப் பெரிய ஓட்டலிலும் இருக்கும்.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். அவ்வளவு பணம் கொடுத்துச் சாப்பிட அங்கே என்னதான் இருக்கிறது?

சென்னை கிண்டியில் 2012இல் திறந்த ஐடிசி கிராண்ட் சோழா ஓட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரே நம் பக்கத்துப் பெயர். சோழர் படை கங்கைவரை போய் வென்று வந்ததன் நினைவாகத் தலைநகர் கட்டியது நம் அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில்தானே. அந்த ஓட்டலுக்குள் அவர்த்தனா என்ற உணவகம் 2017 முதல் இருக்கிறது. தென்னிந்தியச் சாப்பாடு மட்டும்தான். ஏழு முதல் பதின்மூன்று வரை சின்னச் சின்னப் பரிமாறல்களாக, ஒன்றன்பின் ஒன்றாக வரும். சாப்பிட்டு முடிக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அங்கே தக்காளி ரசத்தைக் கண்ணாடி போலத் தெளிய வைத்து, கொத்தமல்லி வாசம் ஏற்றி, கோப்பையில் ஊற்றித் தருகிறார்கள். பார்க்க வெறும் நீர் போல இருக்கும். வாயில் வைத்தால் நம் வீட்டு ரசம். ஆசியாவின் ஐம்பது சிறந்த உணவகங்கள் பட்டியலில் 2025இல் இந்த உணவகம் முப்பதாவது இடத்தில் இருந்தது. ரசம்தான் அங்கே நட்சத்திரம். எந்த ரசத்தை "காய்ச்சல்காரன் சாப்பாடு" என்று தள்ளி வைத்தோமோ அதே ரசம்.

நத்தத்துக்காரர் விஜய் குமாரின் கதை இன்னும் ஆழமானது. சின்ன வயதில் வயலில் பொறுக்கிய நத்தையைச் சமைத்துச் சாப்பிட்ட குடும்பம். ஏழை வீட்டுச் சாப்பாடு அது. பள்ளியில் சொன்னால் கேலி செய்வார்களோ என்ற கூச்சம் அவருக்கு இருந்தது. கேட்டரிங் படிக்கப் போன இடத்தில்தான், அதே நத்தையைப் பிரெஞ்சுக்காரர்கள் எஸ்கார்கோ என்று விலையுயர்ந்த விருந்தாகப் பரிமாறுகிறார்கள் என்று தெரிந்தது. படிப்பு முடிந்து சென்னை கன்னிமாரா ஓட்டலில் வேலை, கப்பலில் வேலை, பிறகு அமெரிக்கா. 2021இல் நியூயார்க்கில் 'செம்ம' என்ற உணவகத்தின் சமையலறையை ஏற்றார். அங்கே மெனுவில் நத்தை பிரட்டல் என்றே எழுதினார். குடல் வறுவலையும் கூச்சமில்லாமல் அதே பெயரில் வைத்தார். அடுத்த ஆண்டே மிஷெலின் நட்சத்திரம் வந்தது. 2025இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அந்த நகரத்தின் நூறு சிறந்த உணவகங்களை வரிசைப்படுத்தியபோது முதல் இடம் அதற்குத்தான்.

மிஷெலின் என்றதும் ஞாபகம் வருகிறது, அது ஒரு டயர் கம்பெனி. கார் வைத்திருப்பவர்கள் அதிகம் ஊர் சுற்றினால் டயர் அதிகம் தேயும், அதிகம் விற்கும் என்று கணக்குப் போட்டு 1900இல் பிரான்சில் பயணிகளுக்கு ஒரு கையேடு போட்டார்கள். 1926இல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரக் குறி வைக்கத் தொடங்கினார்கள். இரண்டு நட்சத்திரம் என்றால் வழியிலிருந்து விலகிப் போயாவது சாப்பிடலாம். மூன்று நட்சத்திரம் என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். இந்தியாவுக்கு அந்தக் கையேடு இன்னும் வரவில்லை. ஆனால் அதற்காகவே பயணம் கிளம்புவது என்பது என்னவென்று சிறுவாச்சூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் அப்படிக் கிளம்பி வருகிறவர்களைத்தான் இந்த ஊர் பார்க்கிறது.

இந்த ஊருக்கு ஒரு யோசனை சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பெரம்பலூரிலிருந்து திருச்சி போகும் தேசிய நெடுஞ்சாலையில் நாம் இருக்கிறோம். திங்களும் வெள்ளியும் மாவிளக்கு போட்டுவிட்டுப் பசியோடு வண்டியேறும் குடும்பங்களில் பல, நல்ல சாப்பாட்டுக்காக அடுத்த பெரிய ஊர்வரை காத்திருக்கின்றன. சாலையோரத்தில் அவசரச் சாப்பாடு கிடைக்கிறது. பெற்றோரோடு உட்கார்ந்து, நிதானமாக, ஒரு விருந்து என்று நினைவில் வைத்துக்கொள்ளும்படி சாப்பிட ஓர் இடம் இங்கே இல்லை. விலை கூடுதலாக இருந்தால் கொடுக்க மாட்டார்கள் என்று எண்ண வேண்டாம். காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் அம்மையார் குடும்பத்துப் பழைய பங்களாவை 1999இல் 'தி பங்களா' என்ற விடுதியாகத் திறந்தார். அங்கே முன்கூட்டிச் சொல்லி வைத்து வாழையிலைச் சாப்பாடு சாப்பிட வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அங்கே பரிமாறுவது செட்டிநாட்டு வீட்டுச் சாப்பாடுதான். அதை ஒழுங்காக, அழகாக, மரியாதையோடு பரிமாறுகிறார்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது? தமிழ்நாட்டிலேயே சின்ன வெங்காயம் அதிகம் விளையும் மாவட்டங்களில் முன்னால் நிற்பது பெரம்பலூர். செட்டிகுளத்து வெங்காயத்தின் காரத்தையும் இனிப்பையும் வியாபாரிகளைக் கேட்டால் சொல்வார்கள். மானாவாரிக் காட்டில் சோளமும் கம்பும் இருக்கின்றன. கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி. தோலுரித்த சின்ன வெங்காயத்தை முழுசாகப் போட்டு, நல்லெண்ணெய் மிதக்க வைக்கும் குழம்பு, வெந்த கம்பஞ்சோற்றுக்கு மேல் கட்டித் தயிர், முந்திரியைப் பச்சையாக அரைத்து விட்ட கூட்டு, கேழ்வரகுக் களிக்குக் கீரைக் கடைசல், மாவிளக்கு மாவின் ருசியிலேயே பச்சரிசி மாவும் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துக் கடைசியாக ஓர் இனிப்பு. வீட்டுப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் பண்டங்கள். இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக, சூடு குறையாமல், இது எந்த ஊர் வெங்காயம், யார் சமைத்தது என்று சொல்லிப் பரிமாற ஆள் வேண்டும். அந்த ஆட்களும் நம்மிடம் இருக்கிறார்கள். திருச்சியில் கேட்டரிங் படித்துவிட்டுச் சென்னைக்கும் கப்பலுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

நாற்பது பேர் உட்காரும் கூடம் போதும். தொடக்கத்தில் திங்களும் வெள்ளியும் மட்டும் நடத்தினால் போதும், முன்பதிவுக்கு மட்டும் சமைத்தால் பொருளும் வீணாகாது. மெனு கார்டு தமிழில் இருக்கட்டும், எழுத்துப் பெரிதாக, விலை ஒரே விலையாக. வேட்டியோ சேலையோ ஜீன்ஸோ, யார் எந்த ஊர், என்ன சாதி என்று பார்க்காமல் வந்த வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். சமைக்கும் பெண்களுக்கு மாதச் சம்பளமும், அவர்கள் பெயர் அந்தக் கார்டில் அச்சும் வேண்டும். முதலீட்டுக்கு மகளிர் சுயஉதவிக் குழுக்களின் வங்கிக் கடன் வழி இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு உரிமம் எடுப்பது, சமையலறை அமைப்பது, பரிமாறப் பழக்குவது எல்லாம் எனக்குத் தெரிந்த வேலை. கேட்டரிங் படிக்கும் பிள்ளைகளும், சமைக்கத் தெரிந்த தாய்மார்களும், சாலையோரம் காலி இடம் வைத்திருப்பவர்களும் கூட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாமல் கொஞ்ச நேரம் இருங்கள். உட்கார்ந்து பேசி, யார் யார் எதைச் செய்வது என்று இன்றைக்கே எழுதிக்கொள்வோம்.